பட்டாளத்தார் என்று போடவும்

ஒக்டோபர் 21, 96. திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. மாவுக்கட்டுக்குள் அரிப்பு. பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டிருந்தேன். ரெஜினா பார்த்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனாள். மருமகள் இல்லை, ஆஸ்பத்திரி மேட்ரன்.

கால் முறிந்தது என் வீட்டுக்காரரை அடக்கம் செய்த அன்று. சவக்காலைப் படியில் சேறு. எல்லோரும் குழியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அவரை மண்ணுக்குள் வைத்த கையோடு என்னை ஆஸ்பத்திரிக்கு. அன்றிலிருந்து மகன் ஜோசப்பின் வீட்டு மேல்மாடி அறை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு மேலே மேட்டு வீடு, படி செங்குத்து. தூக்கி ஏற்ற நாலு பேர் வந்தார்கள். இறக்க ஒருத்தரும் இல்லை.

கட்டிலை ஒட்டி ஜன்னல் ஒன்று. அதில் தெரிவது: தெரு, பஸ், பாலத்து செக்பொயின்ட், மகாவலியில் ஒரு துண்டு. கேற்றைப் பகலிலும் பூட்டி வைக்கிறான். காலம் சரியில்லையாம்.

கேட்டவை: நல்லெண்ணெய், புதுப் பேனை, கண்ணாடிக்கு ஸ்க்ரூ. வந்தவை: ஒன்றும் இல்லை.

மாலை ஜோசப் வந்து கட்டிலில் உட்கார்ந்தான். வங்கியிலிருந்து நேரே, டை கழற்றவில்லை. முப்பத்தோராம் நாள் பூசையில் கொடுக்கிற நினைவு அட்டைக்கு எழுதியதை வாசித்தான். "அமரர் சூசை சவரிமுத்து. ஓய்வுபெற்ற சாரதி."

"சாரதியா?"

"ட்ரைவர்தானேம்மா."

"தேயிலைக் கொம்பனி லொறி ஓட்டினாரு. இல்லன்னு சொன்னேனா? ஊரு அவர என்னான்னு கூப்பிட்டுச்சி?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சொல்லுடா."

"பட்டாளத்தாரு."

"அதப் போடு."

"என்னம்மா நீங்க. இப்ப இருக்கிற நெலமையில ஆமின்னு போட்டா என்னா நெனப்பாங்க? நிர்மலாவுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கோம். மாப்பிள்ள வீடு யாழ்ப்பாணம். அவங்க மூத்த பையன ஆமி புடிச்சிட்டுப் போயி இன்னைக்கு வரைக்கும் தகவல் இல்ல. தெரியும்தானே?"

"ஆமின்னு எவன் சொன்னான்? பட்டாளம்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"ஒண்ணு இல்ல."

"எப்படி ஒண்ணு இல்ல?"

சொல்ல வரவில்லை. கோபம் வந்தால் எனக்கு வார்த்தை ஓடிவிடும். அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். சாரதியாம்.

ஒக்டோபர் 22, செவ்வாய்

கொஞ்சம் வெயில். பூனை வந்து மாவுக்கட்டின் மேல் படுத்தது. இறங்கச் சொன்னால் கேட்காது. இந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஆள் அதுதான்.

ஜோசப்புக்கு நேற்றுச் சொல்ல வராததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பட்டாளம் என்பது வெள்ளைக்கார ராசா காலத்துச் சண்டை. கடுகண்ணாவைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடி கழிக்கிற கவ்வாத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கண்டியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மலையிலிருந்து கவ்வாத்துக் கத்தியோடேயே போனவர். கப்பலில் எகிப்து. லொறி ஓட்டப் பழகியது அங்கே, மணலில். போகும்போது தண்ணீரும் பெட்டிகளும். வரும்போது அடிபட்டவர்கள். இவ்வளவுதான் எனக்குச் சொன்னார். கொண்டுவந்தது இரண்டு மெடல், ஒரு கோட்டு, மணல் பட்டுக் கெட்டுப்போன இடது கண்.

திரும்பி வந்தார், சுதந்திரம் வந்தது. பின்னாலேயே சட்டமும் வந்தது, தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டு ஆட்கள் இல்லையென்று. கச்சேரியில், அந்த அரசாங்கக் கந்தோரில், மெடல் இரண்டையும் மேசையில் வைத்தாராம். "இது இருக்கட்டும், அப்பா பிறந்த பத்திரம் எங்கே?" என்றாராம் கிளாக்கர். எகிப்துவரை அனுப்ப லாயக்கான ஆள் கச்சேரி வாசலுக்குள் லாயக்கில்லை. பிரஜாவுரிமை கைக்கு வரும்போது ஜோசப்புக்கு மீசை முளைத்துவிட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அவருக்கு அந்த வாரமே ஆறிவிட்டது. அவருக்கு எல்லாமே ஆறும். அதற்காகவே பாதி நாள் அவரோடு சண்டை.

வீட்டில் அவர்:

சனிக்கிழமை சாயந்தரம் எல்லோர் சப்பாத்தையும் வரிசையாக வைத்துப் பொலிஷ். கடைசியில் என் ரப்பர் செருப்பையும் துடைத்து வரிசையில் வைப்பார்.

ஜோசப் கைக்குழந்தையாக இருந்தபோது பீத்துணி அலசியவர். தோட்டத்து லய வீட்டு ஆம்பிளைகள் தண்ணீர்ப் பீலியடியில் நின்று சிரிப்பார்கள். "பட்டாளத்தாரே, இதுதான் அங்க குடுத்த ட்ரெயினிங்கா?" "ஆமாண்ணே, இதவிட மோசமானதெல்லாம் அலசியிருக்கேன்."

ஞாயிறு தோசை அவர் கையால். வட்டமாக வராது. இலங்கை மேப் என்று பேத்தி நிர்மலா தட்டில் போடுவார். அவள் யாழ்ப்பாணத்தைப் பிய்த்து முதலில் தின்பாள்.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். செபப்புத்தகத்தையும் சாமான் சுற்றி வந்த பேப்பரையும் வைத்து நானே எழுத்துக் கூட்டினேன். கடைப் பலகையில், கோயில் நோட்டீசில், எங்கே பிழை கண்டாலும் சொல்லுவேன். சொன்னதும் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார். "யெஸ், ஸார்ஜன்ட்."

பேனை மங்குகிறது.

ஒக்டோபர் 24, வியாழன்

மழை, இடி. ஜோசப் வங்கிக்கு. நிர்மலா படிப்பிக்கப் போய்விட்டாள். ரெஜினா சந்தைக்கு. கீழே யாரும் இல்லை. கேற் பூட்டு. அவசரத்துக்கு ஒரு மணி தந்திருக்கிறார்கள், பள்ளிக்கூட மணி. அடித்துப் பார்த்தேன். பூனை திரும்பிப் பார்த்தது.

பகலில் ஒரு மோட்டார் சைக்கிள். பாலத்தடியில் ப்ரெஸ் வைத்திருக்கிற பாறூக் நானா, மழைக்கோட்டோடு. போட்டோவையும் அட்டை எழுத்தையும் ஒரு பையில் போட்டு கேற்றில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான் ஜோசப். அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலைத் திறந்தேன். சாரல் முகத்தில்.

"நானா! சாரதின்னு எழுதியிருப்பான்! அத வெட்டுங்க!"

"என்ன அம்மா? கேக்குதில்ல!"

"சாரதிய வெட்டிட்டுப் பட்டாளத்தார்னு போடுங்க! பட்டாளத்தார்!"

தகரத்தில் மழை. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹோர்னை அழுத்திக்கொண்டே போனது. காதுக்குப் பக்கத்தில் கையை வைத்தார். இன்னொரு தரம் கத்தினேன், நெஞ்சு வலிக்க. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அல்லாவே! இவ்வளவு காலமும் தெரியாமப் பெய்த்தே! மனுசன் ஒரு நாளும் செல்லல்லயே!"

"அவரு சொல்ல மாட்டாரு! நீங்க போடுங்க!"

"பெரிய எழுத்துல போடுறேன் அம்மா! பெருமதானே!"

நெஞ்சில் கையை வைத்துக் குனிந்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

இந்த அறைக்கு வந்த பிறகு நானாகச் செய்த முதல் காரியம். மத்தியானம் ரெஜினா வந்ததும் சோறு இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஜோசப்புக்குச் சொல்லவில்லை. அட்டை வரட்டும்.

ஒக்டோபர் 26, சனி

மப்பு. செக்பொயின்ட்டில் நீண்ட வரிசை. பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி நடக்க வைக்கிறார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். குடை விரிக்கக் கூடாதாம். ஜன்னலில் எனக்கு சினிமா.

போன வருஷம் அந்த வரிசையில் அவர் நின்றார், சண்டையில் செத்தவர்களை நினைக்கிற நவம்பர் பொப்பிப் பூ நாளுக்குக் கோட்டும் மெடலுமாகப் போனபோது. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, அட்டென்ஷனில் நின்று பழைய பட்டாள நம்பரையும் சொன்னாராம். துவக்கோடு நின்ற பையனுக்கு இருபது வயதிருக்குமா? மெடலை விரலால் தட்டிப் பார்த்தானாம். "சீயா, பெத்தட்ட வென்ன." தாத்தா, ஓரமாகப் போ. கேலியாகவும் இல்லையாம், மரியாதையாகவும் இல்லையாம். ஓரமாக நின்றார். பூ நாள் முடியும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"நீங்க யாருன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"சொன்னேன் லூர்து. பயந்து போயிருக்கான் அந்தப் பையன். அவனுக்கு அந்தப் பழைய நம்பர் விளங்கல."

அவருக்கு எல்லோர் பயமும் தெரியும். என் கோபம் மட்டும் தெரியாது.

இரவு: கஞ்சி, உப்பு இல்லை.

ஒக்டோபர் 29, செவ்வாய்

அட்டை வந்தது. 

போட்டோ நன்றாக இருக்கிறது. கீழே பெரிய எழுத்தில், தங்க மையில்:

அமரர் சூசை சவரிமுத்து
ஓய்வுபெற்ற பட்டதாரி

பட்டதாரி.

மூன்று தரம் வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்து நாலாம் தரம். பட்டாளத்தார் என்று கத்தியது மழையில் நனைந்து பட்டதாரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கையெழுத்துப் போடத் தடுமாறிய மனுஷன். அதிலும் ஓய்வுபெற்ற பட்டதாரி! பட்டத்திலிருந்து எப்படி ஐயா ஓய்வு பெறுவது?

முதலில் நிர்மலா வாசித்தாள். சுவரில் சாய்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. "தாத்தாவுக்கு இப்பதான் கொன்வொகேஷன்!" பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஜோசப்பிடம் உண்மையைச் சொன்னேன், ஜன்னலிலிருந்து கத்தியது நான்தான் என்று. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். திருப்பிக் கொடுத்து வேறு அடி என்றேன். அப்போது ரெஜினா அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன் மாத்தணும்? நல்லாத்தானே இருக்கு."

"என்னாது நல்லா இருக்கு?"

"பட்டதாரின்னு போட்டா ஒரு மதிப்புதானே மாமி. நாமளா பொய் சொன்னோம்? ப்ரெஸ்ல வந்த பிழை. யாரும் கேட்டா அப்ப பாத்துக்கலாம்."

ஜோசப் இல்லையென்று சொல்லுவான் என்று பார்த்தேன். டையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அம்மா... சாரதியும் வேணாம், ஆமியும் வேணாம். இது அப்படியே இருக்கட்டுமே."

ஆக, ஓட்டின லொறியும் போச்சு, போன சண்டையும் போச்சு. இரண்டும் சேர்ந்த மனுஷனுக்குப் பதில் படித்த ஒரு அந்நியன். அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்கள். ஒன்றை மட்டும் தலையணைக்கு அடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மணி அடித்தேன். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தேன். கை வலிக்கும்வரை.

நவம்பர் 2, சனி. கல்லறைத் திருநாள்

தூறல். எல்லோரும் சவக்காலைக்குப் போய்விட்டார்கள், மெழுகுதிரியும் பூவுமாக. அவருக்கு முதல் கல்லறைத் திருநாள். மண் இன்னும் அமுங்கியிருக்காது.

என்னைக் கதிரையோடு தூக்கிப் போங்கள் என்றேன். "வழுக்கும்மா. இன்னொரு கால் இருக்கு, அதையும் ஒடைக்கணுமா?" என்றான் ஜோசப். ஒரு மெழுகுதிரியை ஜன்னலில் ஏற்றி வைத்தேன். காற்றில் அணைந்தது. ஏற்றினேன். அணைந்தது. தீப்பெட்டி தீர்ந்தது.

நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் துக்கம் விசாரிக்க வருகிறார்களாம். நான் இறங்க முடியாததால் மேலேதான் கூட்டி வர வேண்டும். ரெஜினா சொல்லிப் போனாள்: "மாமி, கால் வலின்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டாப் போதும்."

நவம்பர் 3, ஞாயிறு

எழுதி முடித்துவிட்டுத்தான் படுப்பேன்.

பூசை முடிந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஜெயசீலன், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை, நல்ல அமைதி. தாய் திரேசம்மா. நெட்டையான மனுஷி, வெள்ளைச் சேலை, கழுத்தில் செபமாலை மட்டும். புருஷன் இல்லை. மூத்தவனைத் தேடி முகாம் முகாமாக ஏறி இறங்கிவிட்டு இப்போது இளையவனோடு கண்டியில் வாடகை வீடு. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சொரசொரப்பு. எனக்கு அவளைப் பிடித்தது. எழுதிவிட வேண்டும், அது உண்மை.

ரெஜினா தேத்தண்ணி கொண்டு வந்தாள். தட்டில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில், தற்செயலாக விழுந்த மாதிரி, ஒரு அட்டை.

திரேசம்மா எடுத்து வாசித்தாள். "ஐயா பட்டதாரியே? எங்கட அண்ணரும் பேராதனைக் கம்பஸ்தான். ஐயா எந்த வருசம்?"

ஜோசப்: "அது வந்து... அந்தக் காலத்துல..."

ரெஜினா: "எக்ஸ்டேர்னல். வீட்டுல இருந்தே படிச்சாரு."

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். மூடித்தான் இருந்தேன். எக்ஸ்டேர்னல் என்றதும் திறந்துவிட்டது.

"எகிப்துல படிச்சாரு," என்றேன். "லொறி ஓட்ட. பட்டாளத்துல இருந்தாரு. ப்ரெஸ்காரரு பட்டாளத்தார பட்டதாரியாக்கிட்டாரு. இவங்க ரெண்டு பேரும் அது நல்லாத்தான் இருக்குன்னு வச்சிக்கிட்டாங்க."

நிர்மலா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

திரேசம்மா என் கையை விடவில்லை. ஆனால் அது மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது.

"ஆமியிலயோ?"

"பட்டாளம். வெள்ளைக்காரன் காலத்துல."

"துவக்கு வச்சிருந்தவரோ?"

"இருந்திருக்கும்."

"ஆரைச் சுட்டவர்?"

"தெரியாது."

"கேக்கயில்லையோ?"

"இல்ல."

"இவ்வளவு வருசமும் ஒரே வீட்டில இருந்து கேக்கயில்லையோ?"

 சப்பாத்து, தோசை, பீத்துணி எல்லாம் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டது அதையில்லை.

தேத்தண்ணி குடிக்காமலே எழுந்தாள். "பட்டாளம் எண்டாலும் ஆமி எண்டாலும் எனக்கு ஒரே சப்பாத்துச் சத்தம்தான் அம்மா. நாங்கள் வாறம்."

ஜெயசீலன் நிர்மலாவைப் பார்த்தான். தாயின் பின்னால் இறங்கினான்.

நவம்பர் 4, திங்கள்

சோற்றுத் தட்டு வந்தது, தட்டு போனது. ரெஜினா அழுத முகம். ஜோசப் மேலே ஏறவேயில்லை.

மாலை நிர்மலா வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"திருப்தியா அப்பாயி?"

"உள்ளதச் சொன்னேன்."

"யாருக்காகச் சொன்னீங்க?"

"உன் தாத்தாவுக்காக."

"தாத்தா இருந்திருந்தா என்னா செஞ்சிருப்பாரு? நெசமாச் சொல்லுங்க."

அவளுக்கே தெரியும், அதனால்தான் கேட்டாள்.

எண்பத்து மூன்று ஆடியில் கண்டியில் தமிழ்க் கடைகள் எரிந்த அன்று, அடுத்த வீட்டுச் சிங்கள மாஸ்டர் ஓடி வந்து சொன்னார்: கோட்டையும் மெடலையும் போட்டுக்கொண்டு வாசலில் நில்லுங்கள், பழைய சோல்ஜர் என்றால் தொடமாட்டார்கள் என்று. நானும் அதையே சொன்னேன். நில்லுங்கள், நீங்கள் யாரென்று பார்க்கட்டும் என்றேன். அவர் அலுமாரியைத் திறக்கவே இல்லை. நிர்மலாவைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கப் பலாமரத்து வழியாக மாஸ்டர் வீட்டுச் சமையலறைக்குள் ஓடினார். பிறகு சில பேர் கிண்டல் செய்தார்கள், பட்டாளத்தார் ஓடிவிட்டாரே என்று. "ஓடுறதும் ட்ரில்தான்ணே," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை.

நிர்மலாவுக்காக என்றால் அவர் பட்டதாரி என்ன, மந்திரி என்று போட்டாலும் பேசாமல் தலையாட்டியிருப்பார். அதுதான் தொல்லை. அவருக்காக நான் பிடித்துக்கொண்டிருப்பதை அவரே முதலில் விட்டுக்கொடுத்திருப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்தான் நின்றுகொண்டு வழியை மறிக்கிறார்.

விடமாட்டேன். அவர் விட்டுக்கொடுத்ததற்கெல்லாம் சேர்த்து ஒரு ஆளாவது விடாமல் இருக்க வேண்டும்.

"அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. அதுதான் மோசம்," என்றாள். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனாள்.

நவம்பர் 5, செவ்வாய்

மழை இல்லை. வெயில் சுளீரென்று.

படியில் செருப்புச் சத்தம், பழக்கமில்லாதது. திரேசம்மா, தனியாக. கீழே ரெஜினாவின் பதற்றக் குரல், "கொஞ்சம் இருங்க, இருங்க." அவள் இருக்கவில்லை. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ரெண்டு கதை சொல்லிப்போட்டுப் போக வந்தனான்."

"சொல்லுங்க."

"அவர் ஆமி எண்டது எனக்குப் பிடிக்கயில்லை. பொய் சொல்லமாட்டன். ஆனா ராத்திரி முழுக்க யோசிச்சனான். என்னைக் குத்தினது அது இல்லை. அந்த அட்டை. என்ர மூத்தவனைக் கேட்டுப் போன இடமெல்லாம் எனக்குப் பேப்பரில ஒவ்வொரு பொய் எழுதித் தந்தவங்கள். இங்க அப்பிடி ஒருத்தரும் வரயில்லை எண்டு ஒரு பேப்பர். விட்டாச்சு எண்டு இன்னொரு பேப்பர். செத்த மனிசனைப் பற்றிப் பொய் எழுதின வீட்டில நான் பொம்பிளை எடுக்கமாட்டன்."

"பொய்ய நான் எழுதல."

"தெரியும். அதுதான் உங்களிட்ட வந்தனான். ஆமி எண்டால் ஆமி எண்டு போடுங்கோ."

"பட்டாளத்தார்."

"என்னவோ போடுங்கோ. நாளைக்குப் பூசைக்கு வருவன். கலியாணம் பிள்ளையளின்ர விசயம், நான் மறிக்கமாட்டன். ஆனா ஆமி எண்டு போட்ட அட்டையை என்ர கையால வாங்கமாட்டன். அதைக் குறையா எடுக்கக்கூடாது."

"குறையாத்தான் எடுப்பேன்," என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எடுங்கோ." போய்விட்டாள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

படியில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள் நிர்மலா. அட்டைக் கட்டையும் இரண்டு புதுப் பேனையையும் கொண்டு வந்து கட்டிலில் கொட்டினாள். புதிதாக அடிக்க நேரமில்லை. அவள் பட்டதாரியை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக வெட்ட, நான் கீழே எழுதினேன். பட்டாளத்தார். பட்டாளத்தார். கால், புள்ளி எல்லாம் சரியாக. ரெஜினா வந்து பார்த்தாள், "தங்க மை எல்லாம் போச்சே," என்று முணுமுணுத்துவிட்டு விளக்கைப் போட்டுக் கொடுத்தாள். ஜோசப் வந்தான். ஒன்றை எடுத்து வாசித்தான். டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, எழுதினதையெல்லாம் ஜன்னல் கட்டையில் மை காயப் பரப்பி வைத்தான்.

விரல் வீங்கிவிட்டது. மீதி நாளை காலை.

நவம்பர் 6, புதன்

முப்பத்தொன்று.

காலையில் மிச்ச அட்டைகளை முடித்தேன். கோயிலுக்கு என்னைக் கூட்டிப் போகவில்லை. நாலு பேர் வருவதாகச் சொல்லி இரண்டு பேர்தான் வந்தார்கள், படியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். புருஷனின் பூசைக்குப் பெண்சாதி இல்லை. கேற் பூட்டும் சத்தம். கார் போகும் சத்தம். மணியையும் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பூசை நேரத்துக்கு நானே மந்திரம் எல்லாம் சொன்னேன். பூனை ஆமென் சொல்லவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். கீழே பந்திச் சத்தம். நிர்மலா எனக்குச் சோறு கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சாமியாரு அட்டையப் பாத்து வாசிச்சாரு அப்பாயி. பட்டாளத்தார் சவரிமுத்துன்னு. சத்தமா."

"சரியா உச்சரிச்சாரா?"

"சரியாத்தான்."

"அவ வந்தாளா?"

"வந்தாங்க. பின் பெஞ்சி. அப்பா அட்டைய நீட்டினாரு. கைய பின்னால கட்டிக்கிட்டாங்க. எல்லாரும் பாத்தாங்க. அப்பாவுக்கு முகமே செத்துப் போச்சி."

சோற்றைப் பிசைந்தேன்.

"ஆனா போகல," என்றாள். "பூசை முடியிற வரைக்கும் அப்படியே நின்னாங்க. முழங்கால் போடுற எடத்துல முழங்கால் போட்டாங்க. இறந்தவங்க பேரச் சொல்லி செபிக்கிற நேரம் சாமியாரு தாத்தா பேரச் சொன்னாரு இல்லையா, அப்ப அவங்க இன்னொரு பேரு சொன்னாங்க. உரக்க. சாமியாரே நிமிந்து பாத்தாரு."

"மூத்தவன் பேரா?"

"இருக்கும். 'செத்தவனில்லை, அவனுக்காகவும்'னு சொன்னாங்க."

"என்னா பேரு?"

"காதுல விழல அப்பாயி. பக்கத்துல கொழந்த அழுதிச்சி."

"மாப்பிள்ளகிட்ட கேளேன்."

நிர்மலா தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "அது நீங்கதான் கேக்கணும். அவங்ககிட்டயே."

டொக்டர் சொன்னது: கட்டு இன்னும் மூன்று வாரம். திரேசம்மா வீட்டில் டெலிபோன் இல்லை.